பாகுக்கு ஒற்று கிடையாது

வியாழக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு என் நாக்கு வெந்தது. அன்றைக்கு மதியத்துக்குள் என் மகளுக்கு டி.சி. கொடுத்துப் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்கிற நிலைமை வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது அரைக் கிலோ முந்திரிப் பருப்பு. சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள், நான் ஒருவன்தான் பாக்கி.

நான் திண்டுக்கல் நாகல் நகரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். வருவது பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளையின் தலையில் கொம்பு முளைத்திருக்கிறதா, பெண்ணின் தகப்பனாருக்குக் கால் விட்டுப் போயிருக்கிறதா, 'திருமணப் பத்திரிகை'யில் நடுவில் 'ப்' இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. தொழிலோ சுபாவமோ தெரியவில்லை, எதைப் பார்த்தாலும் இதில் எங்கே தப்பு வரும் என்றுதான் எனக்குத் தோன்றும். மகள் வரும் பஸ் கொஞ்சம் தாமதமானால் மனதுக்குள் நான் பெரியாஸ்பத்திரி வரைக்கும் போய், ஸ்ட்ரெச்சர் தேடி, திரும்பி வந்துவிடுவேன். பஸ்ஸில் இறங்கி வருகிறவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு எந்த வார்டு அத்தா?" என்பாள்.

அவள் பதினொன்றாம் வகுப்பு. நன்றாகப் படிப்பாள். படம் மட்டும் வராது. பயாலஜி ரெக்கார்டில் அவள் வரைந்த தவளையைப் பார்த்து, என் மனைவி இது என்ன இலை என்று கேட்டாள். அவளுடைய வகுப்பில் ஒரு பெண் அச்சு அசலாக வரைவாளாம். அந்தப் பெண்ணுக்கு இனிப்பு என்றால் உயிராம். இதில் மீதியை என் மகள் யோசித்து முடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தாள்.

என் மனைவி அப்போது ஊரில் இல்லை. பழனிக்குப் பக்கம் பாலசமுத்திரத்தில் அவள் தங்கச்சி மாடிப்படியில் வழுக்கிக் காலைப் பிசகிக்கொண்டதால், சமைத்துப் போட ஒரு வாரம் அங்கே போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் அடுப்பங்கரைக்குள் என்னை விட்டிருக்க மாட்டாள்.

"அத்தா, முந்திரியில வண்டு வரப்போகுது" என்றாள் மகள்.

"வந்துருச்சா?"

"வரலை. வரப்போகுதுங்கறேன்."

எனக்கு இது போதும். வரப்போகிற எதற்கும் நான் பயப்படுவேன். சீனியில் பாகு காய்ச்சி முந்திரியை அதில் புரட்டிவிட்டால் வண்டு அண்டாது என்று அவள் சொன்னாள். காலையில் சீக்கிரம் எழுந்து செய்து, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்றும் சொன்னாள். பள்ளிக்கூடம் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். நான் வண்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.

செல்போனில் ஓர் அம்மாள் செய்துகாட்டினாள். முந்திரியை வெறும் வடச்சட்டியில் லேசாகச் சிவக்க வறுத்து எடுத்துவைக்க வேண்டும். அதே சட்டியில் சீனியைப் போட்டு, அது நனையுமளவுக்குத் தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக் கொதிக்கவிட வேண்டும். பாகு கம்பி மாதிரி இழுபட்டதும் முந்திரியைக் கொட்டி விடாமல் கிண்ட வேண்டும். அந்த அம்மாளுடைய சட்டியில் எல்லாம் சொன்ன பேச்சுக் கேட்டது. எங்கள் சட்டியில், "கடையில வாங்குனது மாதிரி செவப்பா இருக்கணும் அத்தா" என்று மகள் பிரியாணிக்குப் போடும் கலர் பொடியை ஒரு தட்டுத் தட்டினாள். மூடி கழன்று பாதி டப்பா உள்ளே போனது.

முந்திரியைப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தபோது, பளபளவென்று இருந்த பாகு திடீரென்று மங்கி, வறண்டு, முந்திரி முழுக்கப் பொடிப் பொடியாக ஒட்டிக்கொண்டது. சுண்ணாம்புச் சுவரில் காவி பூசியது மாதிரி ஆகிவிட்டது. போனில் அந்த அம்மாள், "இப்ப சீனி பூக்கும், பயப்படாம கிண்டுங்க, மறுபடி உருகிப் பளபளன்னு வந்துரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பயப்படாமல் என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. அரை டம்ளர் தண்ணீரை எடுத்து ஊற்றினேன்.

"அத்தா! அவங்க கிண்டத்தான சொன்னாங்க?"

"கெட்டுப்போச்சும்மா, பாத்தேல்ல?"

"கெடலை. பூத்துச்சு. நீங்கதான் இப்பக் கெடுத்தீங்க."

மறுபடி எல்லாம் ரத்தச் சிவப்பில் குழம்பாகக் கொதித்தது. மறுபடி பதம் பார்க்க வேண்டும். ஒரு சொட்டை எடுத்து, ஆறவிட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இழுத்துப் பார்ப்பது முறை. எனக்கு ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் போன். விரல் எதுவும் காலி இல்லை. அதனால் கரண்டியை நக்கினேன்.

கொதிக்கிற தண்ணீர் பட்டால் சுட்டுவிட்டு வழிந்து போய்விடும். பாகு அப்படி இல்லை, உட்கார்ந்து சுடும். நான் குதித்த குதியில் போன் முந்திரிக்குள் விழாதது அல்லாஹ்வின் காவல். மகள் ஓடிப்போய் ஃப்ரீசரைத் திறந்தாள். ஐஸ் இல்லை. இருந்தது கல்லாக உறைந்த கோழிக்கால் பொட்டலம் ஒன்று. அதை என் நாக்கில் வைத்துப் பிடித்துக்கொண்டு நான் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். அவள் என் கரண்டியை வாங்கி, பாகு மறுபடி பூக்கும்வரை கிண்டி, பூத்த பிறகும் நிறுத்தாமல் கிண்டி, அது உருகி முந்திரிக்கு மேல் கண்ணாடி வளையல் மாதிரி மின்னியதும் எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, முள்கரண்டியால் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்துவைத்தாள். ஒன்றை வாயில் போட்டுக் கடக்கென்று கடித்தாள்.

"சூப்பர் அத்தா. உங்களுக்கு வேணுமா?"

கோழிக்கால் வழியாக நான் சொன்னது அவளுக்குப் புரியவில்லை. நல்லவேளை.

பொட்டலம் போட வீட்டில் கவர் கிடந்தது. அச்சகத்தில் அடித்து வீணாகப் போனவற்றை நான் எடுத்து வருவது வழக்கம். இந்தக் கவர்கள் ஒரு கல்யாண வீட்டுக்கு அடித்தவை. படம் மட்டும் அடித்திருந்தோம், பெயர் அடிப்பதற்குள் கல்யாணம் நின்றுவிட்டது. உள்ளங்கைக்கு அடங்குகிற பளபளப்பான குட்டிக் கவர். முகப்பில் ஒரு வெற்றிலை, அதன் மேல் இரண்டு கொட்டைப்பாக்கு. இருபது வருடமாக அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிக்கிற நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, கவர் அளவு சரியாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

கிளம்புமுன் மகள் என் போனை வாங்கி எதையோ தட்டினாள். பிள்ளைகள் இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டுவார்களே, அப்படி. தட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நானும் வேலைக்குப் போனேன். வாயைத் திறந்தால் காற்றுப் பட்டாலே எரிந்தது. அதனால் யாரோடும் பேசாமல் ஒரு பூப்புனித நீராட்டு விழாவைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணி வாக்கில் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது.

"சார், உங்க பொண்ணு கிளாஸ்ல பாக்கு குடுத்துக்கிட்டிருக்கு. ஹெச்.எம். உங்களை உடனே வரச் சொல்றாங்க" என்றது ஒரு குரல்.

காலையில் கொண்டுபோனது முந்திரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நிமிஷத்தில் எனக்கு முந்திரி நினைவுக்கே வரவில்லை. பயம் வந்தால் எனக்கு அப்படித்தான், கையில் இருப்பதை விட்டுவிட்டு இல்லாததைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோவில் போகும்போது என் மகள் பாக்கு விற்கும் கூட்டத்தில் எப்படிச் சேர்ந்தாள், அந்தக் கூட்டத்தின் தலைவன் எப்படி இருப்பான், அவனுக்கு மீசை உண்டா என்பது வரைக்கும் போய்விட்டேன். பள்ளிக்கூடத்துப் பக்கம் பாக்குப் பொட்டலம் பிடிபட்டால் போலீஸ், கேஸ் என்று பேப்பரில் படிக்கிறோம். ஆட்டோக்காரரிடம் சீக்கிரம் போகச் சொன்னேன். வெந்த நாக்கோடு நான் சொன்னது அவருக்கு வேறு ஏதோவாகக் கேட்டிருக்க வேண்டும். "அண்ணே, சீட்டுல துப்பிராதீங்க, இப்பத்தான் கழுவுனேன்" என்றார்.

பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரப் பாக்கணும்?"

"ஹெத்தெம்மை" என்றேன்.

"மொதல்ல துப்பிட்டு வாங்கண்ணே. அங்கிட்டு ஓரமா போய்த் துப்புங்க. இது பொம்பளப் பிள்ளைக படிக்கிற எடம்."

துப்ப ஒன்றும் இல்லை என்று காட்ட வாயைத் திறந்தேன். அவர் ஓர் அடி பின்னால் போனார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கலர் பொடி. நாக்கு, பல், உதட்டோரம் எல்லாம் செக்கச் செவேலென்று இருக்கிறது. கர்ச்சீப்பால் துடைத்தேன். கர்ச்சீப்பும் சிவந்தது.

தலைமையாசிரியை அறைக்கு வெளியே வராந்தாவில் ஒன்பது பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தியும் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். நீட்டச் சொன்னவர் உள்ளே போய்விட்டார் போல, யாரும் உள்ளே இழுக்கச் சொல்லவில்லை. ஒன்பது நாக்கும் சிவப்பு. கடைசியில் நின்றது என் மகள். என்னைப் பார்த்ததும் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, "அத்தா, பாகுன்னு சொல்லுங்க அத்தா, நான் சொன்னா கேக்கவே மாட்டேங்கறாங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் எனக்கு முந்திரி நினைவுக்கு வந்தது. ஒரே சொல்லில் முடிந்துவிடும், இவ்வளவுதானா என்று நிம்மதியாக உள்ளே போனேன்.

தலைமையாசிரியை ஒட்டன்சத்திரத்துப் பக்கம். கோபம் வந்தாலும் மரியாதை குறையாது, அதுதான் கஷ்டம். மேஜை மேல் எங்கள் கவர்கள், எல்லாம் காலி, வெற்றிலையும் பாக்கும் மேலே பார்க்கக் கிடந்தன. பக்கத்தில் வகுப்பாசிரியை நின்றார். தமிழ் எடுப்பவர்.

"வாங்க சார், உக்காருங்க. ஏனுங்க சார், வாயில என்னங்க வச்சிருக்கறீங்க?"

"ஒண்டும் இல்ல மேதம்" என்றேன்.

அவர் வகுப்பாசிரியையைப் பார்த்தார். வகுப்பாசிரியை கண்ணை மூடித் திறந்தார். எனக்கு முன்னாலேயே ஒரு தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

வகுப்பாசிரியை தன் போனை நீட்டினார். காலையில் என் மகள் தட்டியது. தோழிகள் குரூப்புக்குப் போகவேண்டியது, பெற்றோர் குரூப்புக்குப் போயிருந்தது, என் நம்பரிலிருந்து. தமிழில் எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. பி, ஏ, ஏ, கே, யு என்று தட்டியிருந்தாள். அதைப் பாகு என்றும் படிக்கலாம். ஆனால் பாக்கு என்றுதான் யாரும் படிப்பார்கள். வகுப்பாசிரியை உரக்கப் படித்தார்:

"எங்க அத்தா பாக்கு போட்டாச்சு. எல்லாருக்கும் கொண்டாரேன். பயாலஜி ரெக்கார்டுல படம் வரைஞ்சு தர்றவளுக்கு ரெண்டு பாக்கெட்."

அதற்குக் கீழே பெற்றோர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எந்தப் பிள்ளையின் அப்பாவோ ஒருவர் மட்டும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்.

"அடு பாகு மேதம்" என்றேன்.

"அதத்தானுங்க சார் நானும் சொல்றேன்."

"பாக்கு இல்ல, பாகு."

"என்னங்க சார் இது, பாக்குங்கறீங்க, இல்லைங்கறீங்க."

இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பாகு என்பது மெதுவாகச் சொல்லவேண்டிய சொல். நடுவில் உள்ள 'கு' தொண்டையில் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். என் நாக்கோ வீங்கிக் கிடந்தது. புரியவில்லையே என்று கொஞ்சம் அழுத்திச் சொன்னால், அழுத்தின உடனே நடுவில் ஒரு 'க்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்னும் அழுத்தினால் இன்னும் நல்ல பாக்காகிறது. "பாக்கு! பாக்கு மேதம், பாக்கு!" என்று நான் மேஜையைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே என் மகள், "அய்யோ அத்தா" என்பது கேட்டது.

சரி, எழுதிக் காட்டலாம் என்று பேனாவை எடுத்தேன். ஒரு தாளில் பெரிய எழுத்தில் 'பாகு' என்று எழுதி வகுப்பாசிரியை பக்கம் தள்ளினேன். அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பரிதாபமாக ஒரு பார்வை.

"சார், நீங்க பிழை திருத்துறவர்னு உங்க பொண்ணு சொல்லியிருக்கு. நீங்களே ஒற்றை விட்டுட்டா எப்படி சார்?"

சிவப்புப் பேனாவை எடுத்து நடுவில் ஒரு கூட்டல் குறி போட்டு, மேலே 'க்' எழுதி, தாளை என்னிடமே திருப்பித் தந்தார். இருபது வருடத்தில் என் எழுத்தில் ஒருவர் பிழை திருத்தியது அதுதான் முதல் தடவை.

நான் விடவில்லை. கீழே முழு வாக்கியமாக எழுதினேன்: முந்திரியைச் சீனிப் பாகில் போட்டுப் புரட்டியது. தலைமையாசிரியை அதை வாங்கிப் படித்துவிட்டு, "சீனி, முந்திரி, பாக்கு. தெரியுதுங்க சார். ஸ்வீட் பாக்கு. இப்ப எல்லாம் முந்திரி, டூட்டி ஃப்ரூட்டி எல்லாம் கலந்துதான் பிள்ளைங்களைப் பிடிக்கறாங்க" என்றார்.

வகுப்பாசிரியைக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. என் தாளை மறுபடி பார்த்தார். "மேடம், 'பாகில்'னு எழுதியிருக்கார். ஒருவேளை இது அந்தப் பாகு இல்லையோ? அதிரசத்துக்கு வைப்போமே, அந்தப் பாகா இருக்குமோ?"

நான் தலையை ஆட்டினேன். கழுத்து வலிக்கும்வரை ஆட்டினேன்.

"அப்ப நாக்கு ஏனுங்க டீச்சர் செவந்திருக்குது? பாகு குடிச்சா நாக்கு செவக்குமா?" தலைமையாசிரியை விடுவதாக இல்லை. "சார், நான் உங்க பொண்ணுக்கு எதிரி இல்லைங்க. நல்லாப் படிக்கற பொண்ணு. ஆனா பாக்குன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. நிர்வாகத்துக்கு எழுதணும், அவங்க டி.சி. குடுன்னா குடுத்துத்தான் ஆகணும். ஒரே ஒரு பொட்டலம் பிரிக்காம இருந்தாக்கூடக் காட்டுங்க, நான் பாத்துட்டு விட்டுர்றேன்."

டி.சி. என்ற சொல்லை அவர் சொன்னபோது வராந்தாவில் சத்தம் நின்றது. என் மகள் கேட்டுவிட்டாள். நடு வருஷத்தில் டி.சி. வாங்கிய பெண்ணை எந்தப் பள்ளிக்கூடம் சேர்க்கும்? என்ன காரணம் என்று கேட்டால் என்ன சொல்வோம்? பாகு என்று நான் எழுதிக் கொடுத்தால் அவர்களும் ஒற்றுப் போட்டுத்தானே படிப்பார்கள்? பொட்டலம் ஒன்று, ஒரே ஒன்று. எல்லாக் கவரையும் எடுத்துக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு முந்திரித் துணுக்குகூட இல்லை. அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

"பி.டி. டீச்சர் ஒரு பொட்டலம் பிடிச்சு வச்சிருக்காங்க மேடம்" என்று வெளியிலிருந்து யாரோ ஒரு பெண் குரல் கொடுத்தாள். "மொத பீரியட்லயே என்கிட்டருந்து வாங்கிட்டுப் போனாங்க."

பி.டி. டீச்சரைக் கூப்பிட ஆள் போனது. விளையாட்டு டீச்சர், விசில் கழுத்தில் தொங்க, ஓட்டமாக வந்து நிமிர்ந்து நின்றார்.

"டீச்சர், நீங்க பறிமுதல் பண்ணுன பொட்டலம் எங்க?"

டீச்சர் தலையை மட்டும் அசைத்தார். இல்லை என்கிற மாதிரி.

"எங்கன்னு கேக்கறேன்."

"குப்பையில போட்டுட்டேன் மேடம்" என்றார், உதட்டை ரொம்பவும் திறக்காமல்.

தலைமையாசிரியை எழுந்து நின்றார். மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

"டீச்சர், நாக்கை நீட்டுங்க."

"மேடம்..."

"நீட்டுங்க, சொல்றேன்."

பி.டி. டீச்சர் நாக்கை நீட்டினார். வராந்தாவில் ஒன்பது பெண்களும் ஜன்னலில் அப்பிக்கொண்டார்கள். அந்த நாக்கை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். என்னுடையதைவிடச் சிவப்பு.

"எப்படி இருந்துச்சு?" என்றார் தலைமையாசிரியை.

"முந்திரி மேடம். சீனி போட்டது. மேல கண்ணாடி மாதிரி..." அவர் நிறுத்திக்கொண்டார். பிறகு, ஒரு கடமை போல, "நல்லா இருந்துச்சு" என்றார்.

வகுப்பாசிரியை என் தாளை எடுத்து, தான் போட்ட 'க்'கை ஒரு கோடு போட்டு அடித்தார். என்னைப் பார்க்கவில்லை.

இதோடு முடிந்தது என்று நான் எழுந்தேன். தலைமையாசிரியை உட்காரச் சொன்னார்.

"சார், முந்திரிதான், ஒத்துக்கறேன். ஆனா மெசேஜ் எல்லா வீட்டுக்கும் போயிருக்குது. பாக்கு குடுத்த பொண்ணை ஏன் விட்டீங்கன்னு நாளைக்கு நாலு பேர் வந்து நிப்பாங்க. அப்பா வந்து சொன்னாருங்கன்னு நான் சொன்னா, அந்த அப்பாவைக் காட்டுங்கம்பாங்க. உங்களை நான் எப்படிங்க காட்டறது? வீட்டம்மா வரட்டும். அவங்க வாயால சொல்லட்டும். டி.சி.யா, வார்னிங்கா, அவங்க முன்னால முடிவு பண்ணிக்கலாம். அதுவரைக்கும் பொண்ணு வகுப்புக்குப் போக வேண்டாம்."

என் மனைவிக்கு அவரே போன் செய்தார். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, போலீசே வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

பழனி போய் அங்கிருந்து திண்டுக்கல் பஸ் பிடித்து அவள் வரவேண்டும். வராந்தா பெஞ்சில் நானும் மகளும் உட்கார்ந்தோம். மற்றப் பெண்கள் வகுப்புக்குப் போய்விட்டார்கள். படம் வரைகிற பெண் மட்டும் போகும்போது, "தவளை முடிச்சிட்டேன், இதயம் சாயங்காலம் தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தொழிலில் நாணயமான பெண்.

"நெஜமாவே டி.சி. குடுத்துருவாங்களா அத்தா?"

"தர மாட்டாங்க" என்றேன். என் குரலே என்னை நம்பவில்லை.

"நீங்க பயப்படுறீங்க. நீங்க பயந்தா எனக்கும் பயமா இருக்கு."

"நான் எப்பவும்தானம்மா பயப்படுறேன். அத வச்சுக் கணக்குப் பண்ணாத."

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அம்மாகிட்ட யாரு பேசுறது?" என்றாள்.

"நீ."

"நீங்கதான பெரியவங்க."

"எனக்கு நாக்கு வெந்திருக்கு."

"அத்தா, அது காலையிலேர்ந்து எல்லாத்துக்கும் உதவுது உங்களுக்கு."

சாப்பாட்டு மணி அடித்தது. பெண்கள் எங்களைக் கடந்து போனார்கள். சிலர் என்னைப் பார்த்து நாக்கை நீட்டினார்கள், கேலியா அனுதாபமா தெரியவில்லை. வாட்ச்மேன் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்து, ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துவிட்டு, "கொப்பளிங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். மகளுடைய கை என் கைக்குள் இருந்தது. அது சில்லென்று இருந்தது. வாரங்கள் ஆகிவிட்டன. பள்ளிக்கூட நம்பர் திரையில் வந்தால், கட்டணம் கட்டச் சொல்லும் மெசேஜாக இருந்தாலும், நான் எழுந்து நின்றுதான் பார்க்கிறேன்.

மணி இரண்டைத் தாண்டிய பிறகு வாசலில் ஆட்டோ நின்றது. என் மனைவி இறங்கினாள். பஸ் புழுதி புர்காவில் அப்படியே இருந்தது. ஒரு கையில் பை நிறையக் கொய்யாப்பழம். வேக வேகமாக வந்தவள் மகள் முன்னால் நின்று, தாடையைப் பிடித்து நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் நீட்டாமலேயே பார்த்துவிட்டாள்.

மூன்று பேரும் உள்ளே போனோம். தலைமையாசிரியை முதலிலிருந்து சொன்னார்: மெசேஜ், கவர், ஒன்பது நாக்கு, பத்தாவதாக என் நாக்கு, நான் எழுதிக் கொடுத்த தாள், மேஜையைத் தட்டியது. பி.டி. டீச்சரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சுருக்கமாகச் சொன்னார். என் மனைவி நின்றபடியே கேட்டாள். கொய்யாப்பழப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இப்ப நீங்க சொல்லுங்கம்மா, நான் என்னங்க பண்ணட்டும்?" என்று முடித்தார் தலைமையாசிரியை.

என் மனைவி மகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் சட்டைக் காலரில் இருந்த சிவப்புக் கறையைச் செத்த நேரம் பார்த்தாள். பிறகு தலைமையாசிரியையிடம் சொன்னாள்:

"அவள வகுப்புக்கு அனுப்பிருங்க டீச்சர். இவர வேணா வச்சுக்கங்க."